மூங்கிலணத்தானின் உறைவிடம்

கோடையில் குடும்பத்துடன் ஏற்காடு சென்று வருவோர், ஏரியைச் சுற்றிப் பார்த்து, 1,623 மீட்டர் உயரமுள்ள சேர்வராயன் முகட்டில் நின்று, எங்கும் பசுமை என்று வியந்து திரும்புவர். வியப்பு நியாயமானதே. ஆயினும் அப்பசுமை எவ்வுயிருக்கு உணவளிக்கிறது, எவ்வுயிருக்கு உறைவிடமாகிறது என்னும் வினாவை நம்மில் பலர் எழுப்புவதில்லை.

அம்மலையில் வாழும் சிற்றுயிர் ஒன்றைக் கொண்டே இதனை விளக்கலாம். பார்வைக்கு அணிலை ஒத்தது, ஆனால் அணிலன்று. இந்தியாவைத் தவிர வேறெங்கும் காணப்படாதது. தமிழ் மக்கள் இதற்கிட்ட பெயர் மூங்கிலணத்தான். 1913ஆம் ஆண்டில் லயன் என்னும் அமெரிக்க அறிஞர் இதனைத் தனிப் பேரினமாக வகுத்தபோது, அத்தமிழ்ப் பெயரிலிருந்தே ‘அனத்தானா’ என்று பெயர் சூட்டினார். உலக அறிவியல் ஏட்டில் ஏறிய தமிழ்ச் சொல் இது. நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இதனை அறிவர்?

மூங்கிலணத்தான் பகலில் தரையில் இலைச்சருகைக் கிளறிப் பூச்சியும் புழுவும் தேடித் தின்னும், பழங்களையும் உண்ணும். இரவில் பாறை இடுக்கிலோ மரப்பொந்திலோ துயிலும். ஆகவே மரம் இருந்தால் மட்டும் போதாது. பொந்து விழுமளவு முதிர்ந்த மரம் வேண்டும். பூச்சிகள் வாழும் சருகு வேண்டும். பழந்தரும் மரம் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், படத்தில் காடாகத் தோன்றும் இடம் அவ்வுயிருக்குப் பாலைதான்.

1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தார். காப்பிச் செடி நிழலில் வளர்வது. நாட்டு மரங்களின் நிழலில் அது வளரும் தோட்டத்தில் காட்டுயிர்களுக்கும் ஓரளவு இடமுண்டு. பின்னர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சவுக்கு மரம், அதாவது சில்வர் ஓக், பரவலாயிற்று. விரைந்து வளரும், மிளகுக்கொடி ஏறும், மரமாக விற்றாலும் பணம் வரும். தோட்டக்காரரைக் குறை கூறுவதில் பயனில்லை. விலை வீழும் ஆண்டில் அவரைத் தாங்குவதும் அம்மரமே. ஆனால் ஆலும் அத்தியும் தரும் பழத்தை அது தருவதில்லை. குடகுத் தோட்டங்களில் ஆராய்ந்தோரும் நாட்டு மர நிழலிலேயே காட்டுப் பறவைகள் மிகுந்திருக்கக் கண்டனர்.

தோட்டத்திற்கு வெளியே உண்ணிச்செடி. அமெரிக்க நாட்டிலிருந்து அழகுக்காகக் கொணரப்பட்ட இப்புதர் நாடெங்கும் காடுகளில் மண்டி, புல்லை முளைக்கவிடாமல் அமுக்குகிறது. காட்டெருமை எனப்படும் காட்டுமாட்டுக்குப் புல்லே முதன்மை உணவு. அது தோட்டத்திலும் சாலையிலும் தென்படும்போது, இவை பெருகிவிட்டன என்று ஊரார் கூறுகின்றனர். பெருகியிருக்கலாம். ஆனால் மிகுதியாகக் கண்ணில் படுவது நலமாக வாழ்வதற்குச் சான்றாகாது. உள்ளே உணவு குறைந்ததால் வெளியே வந்திருக்கவும் கூடும். காட்டின் தரத்தை அளவிடாமல் விலங்கின் தலையை மட்டும் எண்ணுவோர் இங்கேதான் ஏமாறுகின்றனர்.

வெறும் பாறைச்சரிவுதானே என நாம் ஒதுக்கும் இடமும் வீணன்று. தென்னிந்தியாவுக்கே உரிய மஞ்சள் தொண்டைச் சின்னான் என்னும் பறவை அத்தகைய பாறையும் புதரும் கலந்த சரிவுகளையே நாடி வாழ்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இம்மலையில் பல்லாண்டுகள் பாக்சைட் தோண்டப்பட்டது. தோண்டிய இடத்தில் பின்னர் மரம் நட்டாலும், பழைய பாறையும் மேல்மண்ணும் அவ்வளவு எளிதில் மீளா.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. தனியார் தோட்டத்தில் எம்மரம் நிற்கவேண்டும் என்பதை அது கூறாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவைப் புனித எல்லையாக்கியபோது, வேட்டையாடுதலை மட்டுமின்றி, மரம் வெட்டுதலையும் உடன் விலக்கினார்கள் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. உயிரையும் அதன் உறைவிடத்தையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

நம்மவருள் காப்பியும் மிளகும் மரமும் வணிகம் செய்வோர் உளர். நாட்டு மர நிழலில் விளைந்த காப்பிக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் கூட்டிக் கொடுக்க அவர்களால் இயலும். தோட்டத்து முதுமரத்தை விறகுக்கு விலை பேசும்போது, பொந்துள்ள மரங்களை மட்டும் விட்டுவிடுமாறு சொல்லவும் இயலும்.