சூப்பர்மேனை வீழ்த்தியது அரசியலா, மூலதனமா?

வணிகத் திரைப்பட விமர்சகர்கள் சலிப்பின்றி ஓதும் பாடம் ஒன்று உண்டு: பொழுதுபோக்குப் படத்துக்குள் அரசியலைத் திணித்தால் படம் தோற்கும். இதற்கு அவர்கள் காட்டும் சான்றுகளுள் ஒன்று, 1987 ஜூலையில் வெளியான 'சூப்பர்மேன் 4: அமைதிக்கான தேடல்'. அணு ஆயுத ஒழிப்பைப் பேசிய அந்தப் படம் வசூலில் வீழ்ந்தது, ஏளனத்துக்கும் ஆளானது. நாயகனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவே பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அதன் தோல்வியை ஒப்புக்கொண்டார். நம் தோழர்களிலும் சிலர், "அமெரிக்க அதிமனிதக் கதைதானே, அதில் நமக்கென்ன வேலை?" என்று கடந்துபோகிறார்கள். இவ்விரு பார்வைகளும் தவறானவை. இரண்டுமே உண்மையான குற்றவாளியைத் தப்பவிடுகின்றன.

முதலில் படம் வந்த காலத்தை நினைவுகூர்வோம். ரீகன் ஆட்சியில் ஹாலிவுட் 'ரெட் டான்', 'ராம்போ', 'ராக்கி' வரிசைகளின் வழியே சோவியத் எதிர்ப்பு வெறியை உலகெங்கும் விற்றுக்கொண்டிருந்தது. அதே ஹாலிவுட்டின் புகழ்பெற்ற நாயகன், இந்தப் படத்தின் தொடக்கக் காட்சியில் விண்வெளியில் ஆபத்தில் சிக்கிய சோவியத் வீரர்களைக் காப்பாற்றி, அவர்களிடம் ரஷ்ய மொழியில் பேசுகிறான். பிறகு, ஆயுதப் போட்டியைக் கண்டு அஞ்சும் ஒரு பள்ளிச் சிறுவன் அவனுக்குக் கடிதம் எழுதுகிறான். முதலில் தயங்கும் சூப்பர்மேன், பின்னர் ஐ.நா. அவைக்குச் சென்று உலகின் அணு ஆயுதங்கள் அனைத்தையும் ஒழிக்கப்போவதாக அறிவிக்கிறான். ஏவுகணைகளைப் பெரும் வலையில் திரட்டிச் சூரியனுக்குள் எறிகிறான். வில்லன் லெக்ஸ் லூதர் இந்த அமைதியையே வியாபார வாய்ப்பாகக் காண்கிறான். ஆயுதங்கள் ஒழிந்த உலகத்துக்கு மீண்டும் ஆயுதம் விற்கலாம் என்று பல நாட்டு ஆயுதத் தரகர்களோடு கைகோக்கிறான். ஆயுதப் போட்டியின் பின்னே இருப்பது இலாபமே என்று குழந்தைகளுக்கும் புரியும்படி சொன்ன ஹாலிவுட் படங்கள் எத்தனை?

அப்படியானால் படம் ஏன் சிதைந்தது? தயாரித்த நிறுவனம் கேனன். அதன் உரிமையாளர்கள் மெனாஹெம் கோலானும் யோராம் குளோபஸும். 1986இல் இந்நிறுவனம் பிரிட்டனின் எல்ஸ்ட்ரீ படப்பிடிப்பு நிலையத்தையும் ஒரு பெரிய திரையரங்குச் சங்கிலியையும் விலைக்கு வாங்கியது. கடன்சுமை கழுத்தை நெரித்தது. சுமார் 3.6 கோடி டாலராகப் பேசப்பட்ட படச்செலவு, படப்பிடிப்புக்கு முன்பே ஏறத்தாழ 1.7 கோடியாக வெட்டப்பட்டது. 1978இல் வந்த முதல் படத்துக்கு 5.5 கோடி டாலர் செலவானது. நியூயார்க்கின் ஐ.நா. தலைமையகம் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரத்துக்கு இடம்பெயர்ந்தது. நாயகன் பறக்கும் ஒரே காட்சித்துண்டு திரும்பத் திரும்ப ஒட்டப்பட்டது. முடிந்த படத்திலிருந்தும் சுமார் 45 நிமிடங்கள் வெட்டியெறியப்பட்டன. எஞ்சிய 90 நிமிடங்களில் கதைக்கு மூச்சுவிடவும் இடமில்லை. படத்தைக் கெடுத்தது அணு ஆயுத எதிர்ப்பு அல்ல. ஒரு கலைப்படைப்பைக் கடன் கணக்கின் ஒரு வரியாக மட்டுமே கண்ட மூலதனம். அந்தப் பழியை அரசியலின் தலையில் சுமத்துவது, கொலையானவனையே கொலைகாரன் என்பதற்கு ஒப்பானது.

படத்தில் இன்னொரு இழையும் உண்டு. 'டெய்லி பிளானட்' நாளிதழை டேவிட் வார்ஃபீல்டு என்னும் பெருமுதலாளி கைப்பற்றி, பரபரப்புக் குப்பையாக மாற்றுகிறான். அமைதியைக் கேட்ட சிறுவனின் கடிதம்கூட அவனுக்கு விற்பனைச் சரக்கு. 1986இன் பிற்பகுதியில் இங்கிலாந்தில் இந்தக் காட்சிகள் உருவான வேளையில், லண்டனின் வாப்பிங்கில் ரூபர்ட் மர்டாக்கின் அச்சகத்துக்கு வெளியே, வேலைநீக்கம் செய்யப்பட்ட 5,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. தேசிய ஊடகங்கள் ஒன்றிரண்டு கார்ப்பரேட் குழுமங்களின் கைக்குள் போவதைக் கண்டுகொண்டிருக்கும் இந்திய வாசகருக்கு வார்ஃபீல்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

இதனால் படம் குறையற்றது என்று சொல்ல வரவில்லை. பத்திரிகையை மீட்பது யார்? அச்சுத் தொழிலாளர்களோ செய்தியாளர் சங்கமோ அல்ல. ஆசிரியர் வங்கியில் கடன் பெற்றுப் பங்குகளை வாங்குகிறார்! ஒரு முதலாளியிடமிருந்து விடுதலை பெற இன்னொரு முதலாளியின் பெட்டகத்தைத் தட்டும் இந்தத் தாராளவாதக் கற்பனையை நாம் ஏற்க முடியாது. இரு வல்லரசுகளையும் ஒரே தராசில் வைப்பதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. ஹிரோஷிமாவின் 40ஆம் ஆண்டு நினைவு நாளான 1985 ஆகஸ்ட் 6 முதல் 1987 பிப்ரவரி வரை சோவியத் ஒன்றியம் தன்னிச்சையாக அணுச் சோதனைகளை நிறுத்திவைத்திருந்தது. அமெரிக்கா அதற்கு இணங்க மறுத்துச் சோதனைகளைத் தொடர்ந்தது. இந்த உண்மை படத்தில் எங்குமே இல்லை.

ஆயினும் படத்தின் முடிவைக் கவனியுங்கள். வென்றுவிட்ட நாயகன், அமைதியைத் தன்னால் பரிசாக அளிக்க முடியாது என்று உலகத்தின் முன் ஒப்புக்கொள்கிறான். மக்கள் அதை உறுதியோடு வேண்டும்போது அரசுகளுக்கு வேறு வழியிருக்காது என்கிறான். அதிமனிதன் தன் போதாமையைத் தானே அறிவிக்கிறான். தனிமனித வீரத்தை விற்றுப் பிழைக்கும் வகைப் படத்தில் இது எளிய செய்தியல்ல.

வரலாறும் அதற்குச் சான்று. 1982 ஜூன் 12 அன்று நியூயார்க்கில் சுமார் 10 லட்சம் பேர் அணு ஆயுதங்களுக்கு எதிராகத் திரண்டனர். பிரிட்டனின் கிரீன்ஹாம் காமன் தளத்தின் வேலியோரம் பெண்கள் ஆண்டுக்கணக்கில் முகாமிட்டனர். படம் வெளியாகி ஐந்தே மாதங்களில், 1987 டிசம்பர் 8 அன்று, நடுத்தர தூர ஏவுகணை ஒழிப்பு உடன்பாடு கையெழுத்தானது. அதன்படி 1991க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. எந்த வானத்து வீரனும் அவற்றைச் சூரியனில் எறியவில்லை. ரீவும் அந்தப் பாடத்தைத் திரைக்கு வெளியே வாழ்ந்து காட்டினார். அதே ஆண்டு நவம்பரில், பினோசேயின் சிலியில் கொலை மிரட்டலுக்கு உள்ளான 77 நாடகக் கலைஞர்களுக்குத் துணைநிற்கச் சாந்தியாகோ சென்றார். சிவப்பு மேலங்கி அங்கே அவரைக் காக்காது என்பதை அறிந்தே சென்றார்.

இன்றைய நிலை என்ன? 2019இல் அமெரிக்கா விலகியதோடு அந்த உடன்பாடு மடிந்தது. உலகில் இன்னும் 12,000 அளவில் அணு ஆயுதங்கள் உள்ளன. 2017இல் 122 நாடுகளின் வாக்குகளோடு ஐ.நா.வில் நிறைவேறிய அணு ஆயுதத் தடை உடன்படிக்கையில் அணு ஆயுத நாடு எதுவும் கையெழுத்திடவில்லை, இந்தியாவும்தான். 1998 மே மாதத்தில் பொக்ரான் வெடிப்பைத் தேசிய வீரமாகக் கொண்டாடிய கூச்சலுக்கு நடுவே, அணு ஆயுதமயமாக்கலை எதிர்த்து இடதுசாரிகள் வீதிக்கு வந்தனர். அன்று நம்மைத் தேசத்துரோகிகள் என்றவர்கள் இன்று திரையிலும் தேர்தல் மேடையிலும் தனியொரு மாவீரனைக் காட்டி வாக்குக் கேட்கிறார்கள்.

ஆகவே தோழர்களே, இந்தப் படத்தை இளைஞர்களோடு சேர்ந்து பாருங்கள். சிரிப்புக்குரிய காட்சிகளுக்குச் சிரியுங்கள். பிறகு அதை இப்படி ஆக்கியது யார் என்று கேளுங்கள். இறுதி உரையை அவர்களோடு விவாதியுங்கள். அடுத்த ஹிரோஷிமா நாள் ஊர்வலத்துக்கு அந்த விவாதத்திலிருந்து நான்கு இளைஞர்கள் வந்தாலும், தோற்றுப்போன அந்தப் படம் தன் வேலையைச் செய்துவிட்டது என்றே கொள்ளலாம்.