மாட் விற்கலாமா?

2015 ஏப்ரல் 23 அன்று வால்வ் நிறுவனமும் பெதெஸ்டா நிறுவனமும் சேர்ந்து, 'ஸ்கைரிம்' விளையாட்டுக்கு ரசிகர்கள் உருவாக்கும் மாட்களை ஸ்டீம் தளத்தில் விலைக்கு விற்க வழிதிறந்தன. (மாற்றுரு என்று தமிழாக்கிப் பார்க்கலாம், விளையாடுவோர் நாவில் மாட் என்றே நிலைத்துவிட்டது.) நான்கே நாளில் திட்டம் கைவிடப்பட்டது, வாங்கியவர்களுக்குப் பணமும் திருப்பித் தரப்பட்டது. ரசிகர்களின் அறச்சீற்றம் ஈட்டிய வெற்றியாகவே அது இன்றும் பேசப்படுகிறது. அந்தச் சீற்றத்தில் பாதிதான் நியாயம்.

அன்பினால் செய்வதற்குக் காசு கேட்கலாகாது என்பது நியாயமற்ற பாதி. உருவங்களை வடிப்பதும், நிரல் எழுதுவதும், ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பின்னும் உடைந்ததைச் சீர்செய்வதும் உழைப்பே. அதே வேலையை நிறுவனத்துக்குள் இருந்து செய்பவருக்கு மாதச் சம்பளம் உண்டு. வெளியிலிருந்து செய்பவருக்கு மட்டும் அன்பு போதுமென்றால், அந்த அறம் யாருக்கு வசதியானது? 2011இல் வெளிவந்த ஒரு விளையாட்டை இத்தனை ஆண்டுகளாகப் புதிதாக வைத்திருப்பதில் மாட்களின் பங்கு பெரிது. 'ஹாஃப் லைஃப்' விளையாட்டின் மாட்டாகப் பிறந்த 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்'கை வால்வே 2000இல் தனி விளையாட்டாக விற்றது. அங்கே அன்புக்கும் காசுக்கும் பகை மூளவில்லை.

நியாயமான பாதி வேறு. மாட் என்பது பெரும்பாலும் ஒருவர் தனித்து இயற்றும் நூலன்று. உரைமேல் எழுதிய உரை. மூலத்தின்மேல் ஒருவர் ஒரு கருவியைச் செய்து இலவசமாகத் தருகிறார். அதன்மேல் இன்னொருவர் அசைவுகளைச் சேர்க்கிறார். மூன்றாமவர் இரண்டையும் நம்பித் தம் மாட்டைக் கட்டுகிறார். மூன்றாமவர் விலை வைத்தால் முன்னிருவர் நிலை என்ன? 2015இல் இது கற்பனைக் கேள்வியாக இருக்கவில்லை. விற்பனைக்கு வந்த மீன்பிடி மாட் ஒன்று, வேறொருவரின் இலவச அசைவுக் கருவியைச் சார்ந்திருந்ததால் ஓரிரு நாளிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. வருவாய்ப் பங்கீடோ இன்னும் விந்தை: மாட் செய்தவருக்குக் கால், கடை நடத்தியவருக்கும் விளையாட்டின் உரிமையாளருக்கும் முக்கால். விளையாட்டின் விலையை வாங்குபவர் முன்பே செலுத்திவிட்டார் என்பதை யாரும் கணக்கில் கொள்ளவில்லை போலும்.

நீதிமன்றமும் இவ்விடைவெளியை நிரப்பவில்லை. 'ட்யூக் நியூக்கம் 3டி'க்கு ரசிகர்கள் உருவாக்கிய 300 லெவல்களைத் திரட்டிக் குறுந்தகட்டில் விற்ற மைக்ரோ ஸ்டார் நிறுவனத்துக்கு எதிராக 1998இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காக்கப்பட்டது கதையின் உரிமையாளருடைய உரிமை. லெவல்களைச் செய்த ரசிகர்கள் வழக்கில் தரப்பினரே அல்லர்.

ஆகவே விற்கலாம், அடித்தளமிட்ட ஒவ்வொருவரும் இசைந்து தத்தம் பங்கைப் பெறும்போது. இசைவு கிட்டாதவிடத்து, விருப்பமுள்ளோர் தரும் நன்கொடையோடு நிற்பதே முறை. 2017இல் 'கிரியேஷன் கிளப்'பைத் தொடங்கிய பெதெஸ்டா, ஏற்கெனவே இலவசமாக உலவும் மாட்களை அதில் ஏற்பதில்லை என்று விதித்தது. பாதிப் பாடம் கற்றதற்கு அது சான்று. எதை ஏற்பது, எவ்வளவு தருவது என்பதை மட்டும் நிறுவனம் தன் கையிலேயே வைத்துக்கொண்டது.