வீட்டுக் கணக்கு இரண்டு பேருக்குத் தெரியட்டும்

தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளுக்கு ஆவணக் காப்பகம் ஒரு மஞ்சள் பைதான். பீரோவின் உள் லாக்கரிலோ பரண்மேல் டிரங்குப் பெட்டியிலோ அது இருக்கும். பிரித்தால், மடிப்புகளில் கிழியத் தொடங்கிய வீட்டுப் பத்திரம், எல்.ஐ.சி. பாண்டு, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், எப்போதோ விற்றுவிட்ட பைக்கின் ஆர்.சி. புத்தகம், நகை அடகு வைத்த சீட்டு, எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்ட பிரீமியம் ரசீது எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். இவற்றில் எது நடப்பில் இருக்கிறது, எது முடிந்துபோனது என்பது வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வெளியூரில் இருந்தால் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் யாரைக் கேட்பது?

வீட்டைச் சீக்கிரமாக ஒழுங்குக்குக் கொண்டுவருவது எப்படி என்று பத்திரிகைகளிலும் யூடியூபிலும் ஆலோசனைகள் குவிகின்றன. துணி மடிக்கும் விதம், சமையலறை டப்பாக்களுக்கு லேபிள், பழைய சாமான்களைக் கழித்துக்கட்டும் உத்தி என்று நீள்கிறது பட்டியல். எல்லாம் வேண்டியவைதான். ஆனால், அலமாரி கலைந்து கிடந்ததால் எந்தக் குடும்பமும் வட்டிக்குக் கடன் வாங்கியதில்லை; காகிதம் கலைந்து கிடந்ததால் வாங்கியிருக்கிறது. ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்தான் என்றால், அவை முதலில் மஞ்சள் பைக்குப் போக வேண்டும்.

இது கவனக்குறைவான சில வீடுகளின் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது. பத்து ஆண்டுகளுக்கு யாரும் கேட்டு வராத வங்கி வைப்புகள், ரிசர்வ் வங்கி 2014இல் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகின்றன. 2024 மார்ச் இறுதியில் அந்த நிதியில் இருந்த தொகை 78,213 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு அது 62,225 கோடி. மாற்றலாகிப் போன ஊரில் திறந்த சம்பளக் கணக்கு, பேத்தியின் பெயரில் தாத்தா போட்டுவைத்த பிக்சட் டெபாசிட், இறந்துபோனவரின் இரண்டாவது பாஸ்புக் என்று இப்படித்தான் பணம் கைநழுவிப் போகிறது.

நல்லவேளையாக, அந்தப் பணம் தொலைந்துவிடுவதில்லை. உரியவரோ வாரிசோ எப்போது வேண்டுமானாலும் வங்கியில் கேட்டு வாங்கலாம். தேடுவதற்கென்றே ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட்டில் ‘உத்கம்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. மொபைல் எண்ணைப் பதிந்து, பெயரோடு பான் எண்ணையோ வாக்காளர் அட்டை எண்ணையோ பிறந்த தேதியையோ கொடுத்தால் எந்த வங்கியில் பணம் கிடக்கிறது என்று காட்டும். கட்டணம் கிடையாது. முப்பது வங்கிகள் அதில் சேர்ந்திருக்கின்றன. இறந்துபோன பெற்றோரின் பெயரையும் அதில் தேடலாம்.

பணம் இப்படித் தேங்குவதற்குச் சோம்பேறித்தனத்தைவிடப் பெரிய காரணம், பேசாமல் இருப்பது. “உனக்கெதுக்கு அந்தக் கணக்கெல்லாம், நான் பாத்துக்கறேன்” என்று சொல்லும் கணவர்கள் பாசத்தில்தான் சொல்கிறார்கள். கடன் விவரம் தெரிந்தால் மனைவி கவலைப்படுவாள் என்பது ஒரு நினைப்பு. சேமிப்பு விவரம் தெரிந்தால் சொந்தபந்தம் கைநீட்டும் என்பது இன்னொன்று. விளைவு என்னவோ ஒன்றுதான். நகைக்கடன் கெடு முடிந்து ஏல அறிவிப்பு வரும்போதுதான் நகை அடகில் இருப்பதே வீட்டுக்குத் தெரிகிறது. அதுவும் வீடு மாறியிருந்தால் அறிவிப்பு பழைய முகவரிக்குப் போய்விடுகிறது.

பெண்கள் பக்கமும் ஒரு ரகசியம் உண்டு. சிறுவாடு. அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் பட்டுப்புடவை மடிப்பிலும் சேர்த்த பணம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, எத்தனையோ வீடுகளில் அந்தச் சேமிப்பு முதல்முறையாக வெளிச்சத்துக்கு வந்தது. பெண்ணுக்கென்று ஒரு பணம் இருப்பது அவளுக்குப் பெரிய பலம். அதைக் கணவரிடம் காட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மகளுக்கோ தங்கைக்கோ தெரிந்திருந்தால் போதும். வங்கியிலோ அஞ்சலகத்திலோ தன் பெயரிலேயே போட்டு, நாமினியையும் பதிந்துவிட்டால் இன்னும் நல்லது.

நாமினி விஷயத்தில் இரண்டு குழப்பங்கள் உண்டு. கணக்கு தொடங்கும்போது யாரையோ எழுதிக்கொடுத்துவிட்டு அப்படியே மறந்துவிடுவது ஒன்று. நாமினியே சொந்தக்காரர் என்று நினைப்பது இன்னொன்று. வங்கியைப் பொறுத்தவரை நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர். அதில் வாரிசுகளின் உரிமை அழிவதில்லை. இந்தக் கொள்கையை உச்ச நீதிமன்றம் 1984இல் சர்பதி தேவி வழக்கிலேயே சொன்னது. பங்குகளுக்கும் அதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் உறுதிசெய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால், கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே உரியது.

சட்டம் சமீபத்தில் குடும்பங்களுக்குச் சாதகமாக நகர்ந்திருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர்வரை நாமினியாக நியமிக்கலாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் பிரித்து எழுதலாம். இறந்தவரின் கணக்கைத் தீர்க்க ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் புது விதிமுறைகளை வெளியிட்டது. ஆவணங்கள் முழுமையாகக் கிடைத்த 15 நாளுக்குள் வங்கி பணத்தைத் தர வேண்டும். நாமினி இல்லாவிட்டாலும் வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய்வரை எளிய நடைமுறைதான். இதெல்லாம் கணக்கு இருப்பது தெரிந்த வீட்டுக்குத்தான் உதவும்.

மாதச் சம்பளக்காரர்கள் பலர் கவனிக்காத விதி ஒன்று வருங்கால வைப்பு நிதியில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் செய்த நாமினி பதிவு, கல்யாணத்தோடு செல்லாததாகிவிடும். புதிதாகப் பதிய வேண்டும். பணியில் இருக்கும்போது இறக்கும் உறுப்பினரின் குடும்பத்துக்கு இதே நிதியின் காப்பீட்டுத் திட்டத்தில் 7 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். தொழிலாளி ஒரு பைசா கட்டுவதில்லை, நிறுவனமே கட்டுகிறது. அதனால்தானோ என்னவோ, இப்படியொரு காப்பீடு இருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

பாஸ்புக்கில் மே, ஜூன் மாத வரவுசெலவையும் ஒருமுறை பார்க்க வேண்டும். 436 ரூபாய் பிடிக்கப்பட்டிருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு. 20 ரூபாய் என்றால் சுரக்‌ஷா விபத்துக் காப்பீடு. இரண்டிலும் தொகை 2 லட்சம் ரூபாய். கணக்கு தொடங்கிய நாளில் கவுன்ட்டரில் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் அதை மறந்திருப்பார். அவர் போன பிறகு, பாஸ்புக்கின் அந்த ஒரு வரியைப் படிக்கத் தெரிந்த ஆள் வீட்டில் இருந்தால் மட்டுமே அந்தப் பணம் வீடு வந்து சேரும்.

எல்லாக் காகிதமும் கையில் இருந்தும் வேலை நின்றுபோவது பெயரால். தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். சுப்பிரமணியன் மகள் கலைச்செல்வி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் அவர் எஸ். கலைச்செல்வி. மணிகண்டனைக் கட்டிய பிறகு ரேஷன் கார்டில் எம். கலைச்செல்வி. ஆதாரில் கலைச்செல்வி மணிகண்டன். பான் அட்டை இனிஷியலை ஏற்பதில்லை என்பதால் அதில் சுப்பிரமணியன் கலைச்செல்வி. பாஸ்புக்கில் ஆங்கில எழுத்து ஒன்று கூடவோ குறையவோ இருக்கும். பெயரில் ‘ழ’ வந்துவிட்டால் இன்னும் மோசம். ஓர் அலுவலகத்தில் அதற்கு ஓர் ஆங்கில எழுத்து, இன்னோர் அலுவலகத்தில் இரண்டு.

இந்த நான்கு பேரும் ஒருவரே என்று நிரூபிக்க, துக்கம் நடந்த வீட்டுப் பெண் நோட்டரிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைகிறாள். இது அவள் தவறில்லை. இரண்டு சொல் பெயரை அளவுகோலாக வைத்து வடிவமைத்த படிவங்களின் தவறு. இனிஷியலும் அதன் விரிவும் ஒன்றே என்று எல்லா வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஏற்கும்படி மாநில அரசும் ரிசர்வ் வங்கியும் ஒரு தெளிவான உத்தரவைக் கொண்டுவந்தால், எத்தனையோ குடும்பங்களின் அலைச்சல் மிச்சமாகும். அதுவரை, ஆதார், பான், பாஸ்புக், பி.எஃப். நான்கையாவது ஒரே பெயருக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. உயிரோடு இருப்பவர் தன் பெயரைத் திருத்துவதும் அலைச்சல்தான். இறந்தவரின் பெயரை வாரிசு திருத்துவது அதைவிடப் பல மடங்கு அலைச்சல்.

மனிதர் போய் இருபது ஆண்டுகள் ஆன பிறகும் அவர் பெயரிலேயே இருக்கும் மின் இணைப்பும் பட்டாவும் இந்த வகைதான். பட்டா தாத்தா பெயரில் இருக்கும்வரை, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கும் பேரனுக்குச் சிக்கல்தான். வாரிசுகள் மூன்று பேராக இருக்கும்போதே பெயர் மாற்றிவிட வேண்டும். பதின்மூன்று பேரான பிறகு ஒரு கையெழுத்துக்குத் துபாய்வரை ஆள் தேட வேண்டியிருக்கும்.

2015 டிசம்பர் வெள்ளம் இன்னொரு பாடத்தைக் கொடுத்தது. சென்னையிலும் கடலூரிலும் வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் முதலில் நாசமாக்கியவற்றில் காகிதங்களும் உண்டு. நகல் வழங்குவதற்கென்றே அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. டிஜிலாக்கரில் கிடைக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் மதிப்பெண் சான்றிதழுக்கும் அசலுக்குரிய மதிப்பு உண்டு. வீட்டுப் பத்திரத்தை ஸ்கேன் செய்து ஒரு பிரதியைப் பிள்ளைகளில் ஒருவருக்கு அனுப்பிவைக்கலாம். அசல் பிளாஸ்டிக் உறையில், தரையிலிருந்து உயரத்தில் இருக்கட்டும்.

அன்றாட வாழ்க்கையின் ஒழுங்குக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் தொங்குகிறது. பால் வராத நாளுக்குச் சுழி, சிலிண்டர் மாற்றிய நாளுக்கு ஒரு வட்டம், வேலைக்கார அம்மாவுக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. தமிழ் வீடுகள் தலைமுறைகளாகப் பழகிவந்த அருமையான ஏற்பாடு அது. அதிலேயே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம், வண்டி இன்சூரன்ஸ் முடியும் தேதி, நகைக்கடன் கெடு, ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்ட வேண்டிய சொத்து வரி ஆகியவற்றைக் குறித்தால் போதும். சொத்து வரியை அந்தந்த அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையும் உண்டு.

மாமனாருக்குச் சாப்பாட்டுக்கு முன் எந்த மாத்திரை, பின் எந்த மாத்திரை, பள்ளி வேன் டிரைவரின் எண், ரேஷன் கடைக்குப் போகும் நாள், கேஸ் புக் செய்யும் எண் ஆகியவை பெரும்பாலும் பெண்ணின் தலைக்குள் இருக்கின்றன. அவள் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தால் வீடு நின்றுபோகும். பணத்தின் விவரம் ஆணிடம் மட்டும் இருப்பது எவ்வளவு ஆபத்தோ, அவ்வளவு ஆபத்து இதுவும்.

எனவே முதல் ஞாயிறு, மஞ்சள் பையைக் கூடத்தில் கொட்டி இருவரும் உட்கார்ந்து பிரிக்கலாம்: நடப்பில் இருப்பவை, முடிந்தும் பாதுகாக்க வேண்டியவை, கிழித்துப்போட வேண்டியவை. இரண்டாவது ஞாயிறு, ஒரு நாற்பது பக்க நோட்டு. வங்கிக் கணக்குகள், காப்பீடுகள், பி.எஃப். எண், கடன்கள், சீட்டு, கைமாற்று, மாத்திரைகள், போன் எண்கள், இணைய மோசடி நடந்தால் உடனே அழைக்க வேண்டிய 1930. பின் எண்ணையும் கடவுச்சொல்லையும் அதில் எழுதக் கூடாது. எந்தக் கணக்குக்கு எந்த மொபைல் எண் என்பதை மட்டும் மறக்காமல் எழுத வேண்டும். ஒருவர் இறந்ததும் அவருடைய சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். 90 நாள் பயன்படுத்தாவிட்டால் எண் துண்டிக்கப்படலாம், ஓ.டி.பி. வரும் வழியும் அதோடு அடைபட்டுப்போகும்.

அடுத்து வரும் வேலை நாளில் ஒருமுறை வங்கிக் கிளைக்கு நேரில் போய், நாமினி படிவத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சிச் சீட்டையும் பாஸ்புக்கில் ‘நாமினி பதிவாகியுள்ளது’ என்ற வரியையும் கேட்டு வாங்குங்கள். போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.