ஒரு பாம்புக்கடிக்கு 10 பாட்டில் மருந்து... குதிரைகளும் எலிகளும் கொடுக்கும் விலை என்ன?

தேனியில் இருந்து கம்பம் ரோட்டில் பழனிசெட்டிபட்டியைத் தாண்டினால் முல்லைப் பெரியாறு தண்ணீரில் விளையும் வயல்கள். எலி இருக்கிற வயலில் பாம்பும் இருக்கும். ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிற யாருக்கும் இது புதுசு இல்லை. கடிச்சிட்டா க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்.

அங்கே ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து, குதிரையின் ரத்தத்தில் இருந்து எடுக்கப்படுவது. அது வேலை செய்யுமா என்பது எலிகளின் உயிரை வைத்துச் சோதிக்கப்படுவது.

மருந்துக்காக விலங்குகளை வதைக்கலாமா என்ற கேள்வி வந்தாலே, 'மனுஷன் உயிர் முக்கியமா, மிருகத்தோட உயிர் முக்கியமா?' என்று விவாதம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஆனால், பாம்புக்கடி மருந்தில் இந்த இரண்டு தரப்பும் உண்மையில் ஒரே பக்கம்தான் நிற்கின்றன. எப்படி? பார்க்கலாம்.

பாதிப்பு எவ்வளவு?

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அதாவது, ஆண்டுக்கு சராசரியாக 58 ஆயிரம் பேர். பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் அறிக்கை அளிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

இந்த நிலையில், 'விலங்குகளை விட்டுடுங்க, மருந்தை நிறுத்துங்க' என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. விஷமுறிவு மருந்தைத் தவிர பாம்பு விஷத்துக்கு இன்றைக்கு வேறு நேரடி மருந்து இல்லை.

குதிரை எதுக்கு?

முதலில் விஷம் வேண்டும். நாட்டுக்குத் தேவையான பாம்பு விஷத்தில் பெரும்பகுதி, சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தில் இருந்து போகிறது. 1978-ல் தொடங்கப்பட்ட சங்கம் இது. பாம்புகளைச் சில வாரங்கள் வைத்து விஷம் எடுத்துவிட்டு, மறுபடியும் காட்டில் விட்டுவிடுவார்கள்.

அடுத்தது குதிரை. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷமும் மிகச் சிறிய அளவில் குதிரைக்கு ஊசியாகப் போடப்படும். கொஞ்சம் கொஞ்சமாக அளவு கூட்டப்படும். குதிரையின் உடம்பு விஷத்துக்கு எதிரான புரதங்களை உருவாக்கும். பிறகு ரத்தம் எடுத்து, அதன் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் இருந்து அந்தப் புரதத்தைப் பிரித்து மருந்தாக்குவார்கள். முறையாக நடக்கும் இடங்களில் சிவப்பணுக்களைத் திரும்பக் குதிரைக்கே ஏற்றிவிடுவார்கள்.

குதிரை சாவதில்லை. ஆனால், ஊசி போட்ட இடம் வீங்கலாம், சீழ் பிடிக்கலாம். அடிக்கடி ரத்தம் எடுத்தால் ரத்தசோகை வரும். இது ஒரு நாள் வேலையும் இல்லை, வருஷக்கணக்கில் தொடரும். பராமரிப்பு சரியில்லாத இடத்தில் இதுவே வதை ஆகிவிடும்.

எலிகளுக்கு என்ன நடக்குது?

மருந்தின் வீரியத்தை அளப்பது எலிகளில்தான். எவ்வளவு விஷம் கொடுத்தால் ஒரு கூட்டத்தில் பாதி எலிகள் சாகும் என்று முதலில் கணக்கெடுப்பார்கள். பிறகு அதைவிடப் பல மடங்கு விஷத்தோடு மருந்தைக் கலந்து எலிகளுக்குச் செலுத்தி, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணுவார்கள். மருந்து போதவில்லை என்றால் அந்த எலிகள் பாம்பு கடித்த மாதிரியே சாகும். ஒவ்வொரு தொகுதி மருந்துக்கும் இந்த வீரியச் சோதனை உண்டு.

வலி நிவாரணி கொடுக்கலாம், சாவது உறுதி என்று தெரிந்த எலியைக் கடைசி வரை துடிக்க விடாமல் முன்பே சோதனையை முடித்துவிடலாம் என்ற வழிகளை உலக சுகாதார நிறுவனத்தின் விஷமுறிவு மருந்து வழிகாட்டுதல்களே பேசுகின்றன.

சட்டம் என்ன சொல்லுது?

1950-களில் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான், 1960-ன் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி போட்டது. உயிர் காக்கும் ஆராய்ச்சிக்காக விலங்குகளைச் சோதிப்பதை அந்தச் சட்டம் தடை செய்யவில்லை. ஆனால் நிபந்தனை போட்டது: தவிர்க்க முடிந்த இடத்தில் தவிர்க்க வேண்டும், சின்ன விலங்கு போதும் என்றால் பெரிய விலங்கைத் தொடக் கூடாது.

இந்த 'தவிர்க்க முடிந்தால்' என்ற வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் அளவுகோல். லிப்ஸ்டிக்கும் ஃபேஸ் க்ரீமும் இல்லாவிட்டால் யாரும் சாகப் போவதில்லை. அதனால் 2014-ல் அழகுசாதனப் பொருட்களை விலங்குகளில் சோதிப்பதற்கு இந்தியா தடை போட்டது. அதே ஆண்டில், அப்படிச் சோதித்த பொருட்களின் இறக்குமதியும் தடை செய்யப்பட்டது. 2023-ல் புதிய மருந்துகளுக்கான விதிகள் திருத்தப்பட்டு, செல்கள், கணினி மாதிரிகள் போன்ற மாற்றுச் சோதனைகளுக்கும் இடம் கொடுக்கப்பட்டது.

10 பாட்டில் கணக்கு

இனிதான் முக்கியமான விஷயம். கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் விஷத்தை ஏற்றுகிறது. ஒரு பாட்டில், அதாவது 10 மில்லி மருந்து, அதில் 6 மில்லிகிராமைத்தான் முறிக்கும். அதனால்தான் எடுத்த எடுப்பிலேயே 8 முதல் 10 பாட்டில் ஏற்றுகிறார்கள்.

ஏன் இவ்வளவு? மருந்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதங்களில் ஒரு சிறு பகுதிதான் பாம்பு விஷத்துக்கு எதிரானது. மீதி, அந்தக் குதிரை வாழ்நாளில் சந்தித்த கிருமிகளுக்கு எதிராக உருவானவை. அவை நோயாளிக்கு எந்த வகையிலும் உதவாது. அதோடு, குதிரைப் புரதம் அதிகம் ஏற ஏற ஒவ்வாமை ஆபத்தும் கூடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரே இனப் பாம்பின் விஷம்கூட ஊருக்கு ஊர் மாறுபடும். பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாம்புகளின் விஷத்தை வைத்துச் செய்த மருந்து, வட மாநிலங்களில் சில பாம்புகளிடம் சரியாக எடுபடவில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலக்காய்த் தோட்டப் பகுதிகளில் திரியும், மூக்கு நுனி மேல்நோக்கி நீண்ட குழிவிரியனுக்கு இந்த மருந்து வேலையே செய்யாது. கம்பம் பள்ளத்தாக்கில் இருந்து தினமும் ஜீப்பில் மலையேறும் தோட்டத் தொழிலாளர்களுக்கு இது நேரடிப் பிரச்சினை.

ஆக, வீரியம் குறைந்த மருந்தால் நோயாளிக்கும் நஷ்டம், குதிரைக்கும் எலிக்கும் நஷ்டம். 10 பாட்டிலில் நடக்கும் வேலை 3 பாட்டிலில் நடந்தால், நோயாளிக்கு ஆபத்து குறையும். குதிரையிடம் இருந்து எடுக்க வேண்டிய ரத்தமும் குறையும்.

மாற்று வருமா?

வந்துகொண்டிருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, குதிரையே தேவைப்படாத செயற்கை எதிர்ப்புப் புரதம் ஒன்றை உருவாக்கியதாக 2024-ல் அறிவித்தன. நல்ல பாம்பு, கட்டு விரியன் குடும்பத்தின் நரம்பைத் தாக்கும் முக்கியமான ஒரு நச்சு வகையை அது முறிக்கிறது. கண்ணாடி விரியன் விஷத்துக்கு அது உதவாது. இன்னொரு விஷயம்: குதிரைக்கு விடுதலை தரும் அந்த மருந்தும் எலிகளில்தான் சோதிக்கப்பட்டது.

அப்போ, என்னதான் செய்வது?

நாளைக்கே விலங்குச் சோதனையை நிறுத்த முடியாது. நிறுத்தினால் செத்துப் போவது வயலில் நிற்கிறவர்கள். ஆனால், 'உயிர் காக்கும் மருந்தாச்சே' என்று சொல்லிக் குதிரைக் கொட்டடியின் கதவைச் சாத்திக்கொள்வதையும் ஏற்க முடியாது. எத்தனை விலங்குகள், எத்தனை முறை, என்ன பராமரிப்பு என்ற விவரம் பொதுவில் வர வேண்டும். வீரியமான, அந்தந்தப் பகுதிப் பாம்புகளுக்கு ஏற்ற மருந்துக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

மக்கள் கையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்த மருந்து ரத்தத்தில் ஓடும் விஷத்தை முறிக்குமே தவிர, ஏற்கெனவே கெட்டுப்போன சிறுநீரகத்தைச் சரிசெய்யாது. கயிறு கட்டுவது, கத்தியால் கீறுவது, மந்திரிப்பது என்று நேரம் போனபிறகு எத்தனை பாட்டில் ஏற்றினாலும் பலன் குறைவுதான். கடித்ததும் கை காலை அசைக்காமல் 108-க்கு அழைத்து நேராக மருத்துவமனைக்குப் போனால், ஒரு குதிரை பட்ட வலியாவது வீணாகாது.