மண்ணெண்ணெயில் கை கழுவலாமா?

உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டர் சிவகாசியில் அச்சானதாக இருக்கலாம். ஆடிப் பதினெட்டுக்குப் புது ஆல்பம் வந்துவிட்டால், மார்கழி வரை அங்கே மிஷின்களுக்கு ஓய்வில்லை. எங்கள் வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி அச்சகங்களுக்குப் போகிறவர்கள் உண்டு. அந்த மாதங்களில் என்னிடம் வருகிறவர்களின் கைகளைப் பார்க்க வேண்டுமே! விரலிடுக்கில் வெடிப்பு, புறங்கையில் செதில், அரிப்பு, கசிவு. ரசஞ்சோறு பிசைந்தால் காந்துகிறது.

'உடம்புச் சூடுங்க', 'ரத்தம் கெட்டுப் போச்சு' என்பார்கள். கத்தரிக்காய், கருவாட்டை நிறுத்தியாயிற்று என்பார்கள். நான் கேட்பது ஒரே கேள்வி. "வேலை முடிஞ்சதும் கையை எதுல கழுவுறீங்க?"

"மண்ணெண்ணெய்லதான் டாக்டர். இல்லேன்னா தின்னர். சோப்புக்கு மை போகாதுங்களே!"

சங்கதி அங்கேதான் இருக்கிறது. ரோலரில் ஒட்டிய மையைக் கரைக்கிற திரவம், தோலின் எண்ணெய்ப் பசையையும் சேர்த்துக் கரைத்துவிடும். காவல் போன தோலில் எதுவும் நுழையும். லேபிள், அட்டைப்பெட்டி அச்சில் புறஊதா ஒளியில் காய்கிற மை வந்திருக்கிறது. அதிலுள்ள அக்ரிலேட் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் போதும். இருபது வருஷம் மிஷின் ஓட்டியவர் கைத்தொழிலையே விட நேரலாம்.

சித்த மருத்துவத்தில் இதைக் கரப்பான் என்போம். அருகன் தைலம் கொடுக்கிறேன், கேட்கிறது. ஆனால் காலையில் தைலம், மாலையில் மண்ணெண்ணெய் என்றால் என் வைத்தியம் மட்டுமல்ல, எந்த வைத்தியமும் நிற்காது. (இப்படிச் சொல்வது என் பிழைப்புக்கு நஷ்டம்தான்!)

சாதாரண ஆப்செட் மைக்குச் சமையல் எண்ணெயைத் தேய்த்துப் பழந்துணியால் துடைத்து, பிறகு காரமில்லாத சோப்பு போட்டால் போய்விடும். ஈரம் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். மிஷினைக் கழுவ நைட்ரைல் கையுறை வேண்டும். சாதாரண ரப்பர் உறை மண்ணெண்ணெயில் ஊறிப் பிசுபிசுத்துவிடும். ஓடுகிற ரோலரிடம் உறைக் கையை நீட்டக் கூடாது, இழுத்துவிடும். நிறுத்திவிட்டுத்தான்.

"கொடுத்தாலும் போட மாட்டேங்கிறாங்க" என்கிறார்கள் முதலாளிகள். உறை போட்டால் தாள் பிடிபடாது என்பது தொழிலாளி கட்சி. இரண்டும் உண்மைதான். ஆனால் கழுவுவதற்குப் பத்து நிமிஷம் மிஷினை நிறுத்த விடாத இடத்தில் உறை கொடுத்து என்ன பயன்?

ஜப்பானின் ஒசாகாவில் ஒரே அச்சகத்தில் பதினேழு பேருக்குப் பித்தக்குழாய்ப் புற்றுநோய் வந்த செய்தி 2012-13ல் வெளியானது. மை கழுவப் பயன்பட்ட டைகுளோரோபுரோப்பேன்தான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. மண்ணெண்ணெய் அது அல்ல, பயப்பட வேண்டாம். ஆனால் பெயரெழுதாத கேனில் வருகிற 'வாஷ்' என்னவென்று யாருக்குத் தெரியும்? கேனில் பெயர் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டுப் பெண்மணிகளுக்கு ஒரு வார்த்தை. இது ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை. தட்டை, டம்ளரைத் தனியாக ஒதுக்காதீர்கள். மை படிந்த துணியை மட்டும் தனியாகத் துவையுங்கள்.

இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள் சிவகாசி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கும், மற்றவர்கள் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். ரசாயனம் பட்டு வருகிற தோல் அழற்சி, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களில் ஒன்று. தொழிற்சாலைச் சட்டப் பட்டியலில் இருந்தது, 2020ம் வருடத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆகவே சீட்டில் 'அச்சக வேலை' என்று எழுதச் சொல்லி வாங்கி வையுங்கள்.