மீன் இல்லாத மீன்தொட்டி

"ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்கவில்லை" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சென்ற ஆண்டு அச்சொல் எங்கள் அறிவியல் மன்றத்துக்கே பொருந்திவிட்டது. ஆய்வுக்கூடத்துச் சன்னலருகே உள்ள இரண்டடிக் கண்ணாடித் தொட்டியைத் தாங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். "மீனே இல்லாமல் எதற்கு இந்தத் தொட்டி?" என்று பெற்றோர் கேட்கின்றனர். கோடை விடுமுறைக்கு முன்பே அழகிய மாண்டரின் மீன் ஒன்றை வாங்கி விட்டுவிடலாம் என்று தோழியர் பலர் விரும்புகின்றனர். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

பென்னலூரிலிருந்து கடல் சுமார் 40 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சலே நமக்கு அலையோசை! ஆகவே கடலை நாமே கரைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு லிட்டருக்கு 35 கிராம் வீதம் 56 லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு ஏறக்குறைய 2 கிலோ கடலுப்புக் கலவை வேண்டும். சமையலுப்பு உதவாது. மெக்னீசியம், கால்சியம் முதலிய பலவும் சேர்ந்ததே கடல்நீர்.

சென்ற ஆண்டு தொட்டி வைத்த இரண்டாம் வாரத்திலேயே இரு கோமாளி மீன்களை விட்டோம். மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை மாற்றித்தரும் நுண்ணுயிர்கள் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்களாவது ஆகும் என்பதை ஏட்டில் படித்திருந்தும் பொறுக்கவில்லை. ஒரு மீனின் மேல் வெண்புள்ளிகள் தோன்றின. அவசரத்தில் செம்பு கலந்த மருந்தை ஊற்றினோம். மீன்களும் பிழைக்கவில்லை, தொட்டியில் இருந்த சிற்றுயிர்களும் மாண்டன. ஏழாம் வகுப்புச் சிறுமியர் அழுததை நாங்கள் மறக்கவில்லை. பிழை முழுவதும் எங்களுடையதே.

செம்பு கொன்ற அச்சிற்றுயிர்களில் முதன்மையானவை கோபிபாட்கள். கிரேக்க மொழியில் 'துடுப்புக்கால்' என்று பொருள்படும் பெயர் இது. இறால், நண்டு ஆகியவற்றின் உறவுக்காரர்களான இவை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். கடலில் பாசி நுண்ணுயிரை இவை தின்ன, இவற்றை மீன்குஞ்சுகள் தின்கின்றன. இவை இல்லையேல் மீன்பிடித் துறைமுகங்களில் கூடையும் இல்லை, ஏலமும் இல்லை.

"செம்பரம்பாக்கம் ஏரியில் ஒரு குடம் மொண்டு வந்தால் போதாதா?" என்று ஒரு தோழி கேட்டாள். ஏரியிலும் கோபிபாட்கள் உண்டுதான். ஆனால் நன்னீர் இனங்கள் கடலுப்பில் மடிந்துவிடும். நன்னீரில் வாழும் சைக்ளோப்ஸ் என்ற கோபிபாட்தான் நரம்புச்சிலந்தி நோயை முன்பு பரப்பியது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னது அதனால்தான். நம் நாட்டின் கடைசி நோயாளி 1996-இல் காணப்பட்டார். 2000-இல் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இம்முறை செம்பு பட்ட சிப்பிகளையெல்லாம் எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். பவளப்பாறைத் துண்டுகள் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தோம். 2001 முதல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து பெயர்த்துவரும் துண்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது நமக்கு ஆகாது. கழுவிய சிப்பி ஓடுகளையே ஒரு மூலையில் குவித்தோம். அந்த இடுக்குகளே கோபிபாட்களின் வீடு. ஆறு வாரம் தொட்டியை வெறுமே ஓடவிட்டோம். பிறகு மாணவி ஒருத்தியின் மாமா வீட்டுப் பழைய கடல்நீர்த் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடிப் பாசி வந்தது. ஒட்டி ஊர்ந்து வாழும் கோபிபாட் இனம் அதனுள் இருந்தது. சிறு தொட்டிக்கு அவ்வினமே ஏற்றது. திறந்த கடலில் மிதந்து திரியும் இனங்களுக்கு இடம் போதாது. வேகமான பம்பை எடுத்துவிட்டுக் காற்றுக்குமிழால் இயங்கும் பஞ்சு வடிகட்டியை வைத்தோம்.

மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் இரவுப் படிப்பு முடிந்து டார்ச் விளக்கை அடித்துப் பார்த்த விடுதிச் சிறுமி, "அக்கா, கண்ணாடியிலே தூசி நடக்குது!" என்று கத்தினாள். உருப்பெருக்கியில் பார்த்தால், சில தூசிகள் முட்டைப் பையைச் சுமந்துகொண்டிருந்தன! முட்டையிலிருந்து வரும் குஞ்சு பதினொரு பருவங்களைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி அடைகிறது. வெதுவெதுப்பான நீரில் சில இனங்களுக்கு இதற்குச் சுமார் இரண்டு வாரம் ஆகும். எங்கள் தந்தையர் வேலை செய்யும் ஆலைகளில் ஷிப்டைக் கூட்டினால் உற்பத்தி கூடும். இங்கே அது நடவாது.

மாண்டரின் மீனோ பகல் முழுவதும் பாறையைக் கொத்திக் கோபிபாட் போன்றவற்றையே தேடித் தின்னும். உலர்தீனியைப் பெரும்பாலும் ஏறிட்டும் பாராது. நம் சிறு தொட்டியில் விட்டால் இருக்கும் இரையை விரைவில் தீர்த்துவிட்டு மெல்ல மெலிந்து சாகும். புட்டியில் கோபிபாட் வாங்கி ஊற்றலாமே என்று பெற்றோர் ஒருவர் அன்போடு சொன்னார். மீன் இருக்கும் தொட்டியில் ஊற்றும் புட்டி ஒருவேளைச் சாப்பாடு மட்டுமே; குடும்பம் ஆகாது. மாண்டரின் நம் தொட்டிக்கு என்றுமே உரியதன்று என்பது எங்கள் துணிபு. உலர்தீனி தின்னும் சிறு கோமாளி மீன் ஒன்றைப் பின்னர் விடலாம்.

அறிஞர்களும் இரையைத்தான் முதலில் வளர்க்கின்றனர். முத்துக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையத்தார் 1997-இல் கொடுவா மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்தபோதும், மண்டபத்தில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 2010-இல் கோபியா மீனை இனப்பெருக்கம் செய்தபோதும், குஞ்சின் வாய்க்கு ஏற்ற நுண்ணிரையை முன்கூட்டியே ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது. கேரளத்து விழிஞ்ஞத்தில் அந்நிலையத்தின் மையம் கோபிபாட் இனங்களையே தனியே வளர்த்துவருகிறது.

ஆகவே தலைமை அருட்சகோதரி அவர்கள் மீன் வாங்கும் பணத்தைப் பள்ளி திறந்து இரண்டு மாதம் வரை நிறுத்திவைக்க வேண்டுகிறோம். விடுமுறையில் மடத்தில் தங்கும் சகோதரிகளிடம் ஓர் உதவி. வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு ஆகாது. தொட்டியில் சிவப்பு மையால் கோடு கிழித்திருக்கிறோம். நாள்தோறும் அக்கோடு வரை நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், உப்புநீர் வேண்டாம். வாரம் இருமுறை பச்சைப் பாசிநீர் ஒரு கரண்டி. நண்பகலில் சன்னல் திரையை இழுத்துவிடவும். டார்ச் விளக்கு இரண்டாம் அலமாரியில் இருக்கிறது.