இல்லத்தில் கிடைத்த பல்

தெஹியோவிட்ட கடைத்தெருவில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். அருகிலுள்ள இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்தைச் சேர்ந்த இளைஞன் ஒருவன், செய்தித்தாளில் சுற்றிய பொருளொன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என் முன் வைத்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. கரிய பழுப்பு நிறம். மேற்புறத்தில் மடிந்து மடிந்து செல்லும் வரிகள். கையில் எடுத்தால் கல்லின் கனம்.

"ஐயா, இது மாட்டுப் பல்லுங்களா? வித்தா ஏதும் கெடைக்குமா?"

மாட்டுப் பல் அன்று என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. "எங்கே கிடைத்தது, தம்பி?" என்று கேட்டேன். அவன் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பதில் வரவில்லை.

அந்த மௌனத்தைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன்.

கடல் கடந்து வாழும் நண்பர்களுக்காக முதலில் சிறு விளக்கம். உயிர்ச்சுவடு என்று எங்கள் பாடநூல்கள் கூறுவதைத்தான் தமிழகத்தார் புதைபடிவம் என்கின்றனர். யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டுவோர் சுண்ணக்கல்லில் சிப்பிகளைக் காண்பதுண்டு. மயோசீன் காலத்துக் கடல் விட்டுச்சென்றவை அவை. எங்கள் சபரகமுவ மலைகளின் கதை வேறு. இவை ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகள். இவற்றை உடைத்து உயிர்ச்சுவடு தேடுவது வீண்வேலை. ஆனால் பள்ளத்தாக்குகளில், வயலுக்கும் களிமண்ணுக்கும் கீழே, பழைய ஆறுகள் விட்டுச்சென்ற கூழாங்கற் படை கிடக்கிறது. மாணிக்கக் குழியில் இறங்குவோர் அதனை 'இல்லம்' என்பர். சிங்களச் சொல்தான், எனினும் தமிழ்க் காதுக்கு அது வீடு என்றே ஒலிக்கிறது. நீலமும் புட்பராகமும் தங்கிய அந்த வீட்டிலேயே விலங்குகளின் பற்களும் எலும்புகளும் தங்கியுள்ளன.

எத்தகைய விலங்குகள்? இன்று இத்தீவின் காடுகளில் இல்லாத நீர்யானை, இருவகைக் காண்டாமிருகங்கள், சிங்கம். கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக 1939 முதல் 1963 வரை இருந்த பி.ஈ.பி. தெரணியகல இவற்றையெல்லாம் அறிவுலகுக்கு அறிமுகப்படுத்தினார். குருவிட்டவில் கிடைத்த பற்களைக் கொண்டு, இலங்கையில் ஒரு காலத்தில் சிங்கம் வாழ்ந்தது என்று 1939இல் எழுதியவர் அவரே. கொடியில் வாளேந்தி நிற்கும் சிங்கத்துக்கு இம்மண்ணில் உள்ள மெய்யான சான்று, மாணிக்கக் குழிச் சேற்றிலிருந்து வந்த ஓரிரு பற்கள்! 1962இல் இரத்தினபுரிக்கு அண்மையில் கிடைத்த மற்றொரு பல், புலியினுடையது என்று 2005இல் வெளியான ஆய்வுக் கட்டுரையொன்று நிறுவியது. சிங்கமும் புலியும் எங்கள் அரசியலில் படும் பாட்டை நினைத்தால், இரண்டின் பற்களும் ஒரே மாவட்டத்துக் கூழாங்கல்லில் அமைதியாகக் கிடந்தமை எனக்குச் சிரிப்பையே வரவழைக்கிறது.

இவை யாவும் ஆய்வாளர் திட்டமிட்டுத் தோண்டியதால் மட்டும் கிடைத்தவை அல்ல. இடுப்பளவு நீரில் நின்று கூடையில் கல்லரித்த ஒருவர், மின்னாத ஒரு பொருளையும் வீசிவிடாமல் ஒதுக்கி வைத்ததனால் கிடைத்தவை அவற்றுள் உண்டு. நூல்களில் தெரணியகலவின் பெயர் இருக்கிறது. ஒதுக்கி வைத்த கையின் பெயர் இல்லை.

உலகெங்கும் இக்கதை உண்டு. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் தச்சர் ஒருவரின் மகளான மேரி ஆனிங், 1811-12இல் இக்தியோசோரின் எலும்புக்கூட்டை வெளிக்கொணர்ந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. கல்விமான்கள் அவரிடம் வாங்கினர்; எழுதினர்; அவர் பெயரைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். இன்று அதே கரையில் ஆர்வலர்கள் சேகரிக்கலாம். முக்கியமானவற்றைப் பதிவு செய்யவேண்டும் என்பதே அங்குள்ள நெறி.

தொல்லியல் கற்ற என் நண்பர் இதனை ஏற்பதில்லை. "படிக்காதவன் தொட்டால் சான்று அழியும். எந்த ஆழம், எந்தப் படை என்று தெரியாத எலும்பு வெறும் எலும்பு" என்பார். கித்துல்கல பெலிலெனக் குகையில் அங்குலம் அங்குலமாகத் தோண்டிக் கற்காலத்து மனிதரின் எச்சங்களை எடுத்தார்களே, அவ்வாறு செய்யவேண்டும் என்பது அவர் வாதம். குகைக்கு அது பொருந்தும். மாணிக்கக் குழி ஆய்வாளருக்காகக் காத்திருப்பதில்லை. அது இன்றைக்கே தோண்டப்படும், நாளை மூடப்படும். இங்கே தெரிவு அறிஞனுக்கும் பாமரனுக்கும் இடையிலானது அன்று. பாமரனுக்கும் குப்பைமேட்டுக்கும் இடையிலானது. மனிதக் கைகள் அரித்த இடங்களில் இப்போது இயந்திரங்கள் அள்ளுகின்றன. இயந்திரத்தின் வாளிக்குப் பல்லும் கல்லும் ஒன்றே.

பாமரர் தவறுவர் என்பதும் மெய்யே. 2020 ஒக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்தனவென்று பரபரப்பு எழுந்தது. எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களும் அதில் பங்கெடுத்தோம். அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்னும் கடலுயிரியோடு தொடர்புடைய கற்திரள்கள் என்று அறிந்தவர்கள் விரைவிலேயே விளக்கினர். கேட்க ஓர் ஆள் இருந்தார், ஐயம் தீர்ந்தது.

இங்கே கேட்க யாரிடம் போவது? மாணிக்கம் அகழ தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பகலில் பால்வெட்டி, அந்தக் கூலி போதாமல் இரவில் யாரோ ஒருவரின் திருட்டுக் குழியில் இறங்குகிறவனிடம் பத்திரமேது? பல் கிடைத்த இடத்தைச் சொன்னால் குழியைக் காட்டிக்கொடுத்ததாகும். பல ஆண்டுகளுக்கு முன் நானே இத்தகைய எலும்புத் துண்டொன்றை ஓர் அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றேன். மேசைக்கு அப்பாலிருந்தவர் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. "பெர்மிட் இருக்கிறதா?" என்பதே முதற்கேள்வி. அதுவே கடைசிக் கேள்வியும். என் பங்குக்கு நானும் குற்றவாளிதான். குழி சரிந்து மாண்டவர்களைப் பற்றி எத்தனையோ செய்திகள் எழுதியிருக்கிறேன். குழியிலிருந்து வேறென்ன வந்தது என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமன்று. இரத்தினபுரியில் எஹெலபொல வளவில் ஒரு தேசிய நூதனசாலை இருக்கிறது. குழிகளில் கிடைத்த விலங்கெச்சங்களும் அங்கே காட்சிக்கு உண்டு. அங்கு ஒரு மேசை, ஒரு பதிவேடு, தமிழும் சிங்களமும் தெரிந்த ஓர் அலுவலர். கொண்டுவருபவரிடம் ஊரையும் ஆழத்தையும் மட்டும் கேட்கவேண்டும், பத்திரத்தைக் கேட்கக்கூடாது. சிறு சன்மானம், பெயர் வெளிவர விரும்பினால் கண்ணாடிப் பேழையில் அவர் பெயர். சன்மானம் கொடுத்தால் எலும்புக்காகவே தோண்டத் தொடங்குவார்கள் என்பர் சிலர். நீலக்கல்லின் விலை தெரிந்த ஊரில் அந்த அச்சம் எனக்கில்லை.

இளைஞன் எழுந்தபோது பல்லை மீண்டும் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டான். படம் எடுத்துக்கொள்ள விட்டான். விற்கவேண்டாம், பத்திரமாக வை என்றேன். எதற்காக என்று கேட்டான். "எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்றாவது சொல்" என்றேன். சற்றுத் தயங்கி, "ரெண்டு ஆள் ஆழமுங்க" என்றான். பிறகு பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.